மேல்தாடையில் பல் இம்பிளான்ட்: மூக்கு வழியா தண்ணி வந்தால் என்ன செய்வது? கடலில் முங்குபவர்கள் ஏன் முன்னாடியே சொல்லணும்?

மேல் கடைவாய்ப் பல்லின் வேருக்கு மேலே என்ன இருக்கிறது? எலும்பு என்றுதான் பலரும் சொல்வார்கள். அது பாதி பதில். அந்த எலும்புக்கு மேலே, கன்னத்துக்கு உள்ளே, காற்று நிரம்பிய ஓர் அறை இருக்கிறது. பெயர் மேக்சிலரி சைனஸ். சளி பிடித்தால் மூக்குக்குப் பக்கத்தில் கன்னம் கனக்குமே, அந்த இடம்.

விழுந்த பல்லுக்குப் பதிலாக இம்பிளான்ட் வைப்பது இப்போது பெருநகர சமாச்சாரம் மட்டுமல்ல. பெரும்பாலானவர்களுக்குப் பெரிய தொல்லை இல்லாமல் முடிந்துவிடுகிறது. ஆனால் மேல்தாடையின் பின்பகுதியில் வைக்கும்போது வரும் சிக்கல்கள் தனி ரகம். அவற்றில் பல அந்தக் காற்றறையோடு சம்பந்தப்பட்டவை. இரண்டே நாளில் சரிசெய்திருக்க வேண்டியதை இரண்டு மாதம் தள்ளிப்போட்டு, பெரிய அறுவை சிகிச்சையில் போய் நிற்பவர்களும் உண்டு.

தூத்துக்குடியை ஒட்டிய மாப்பிள்ளையூரணி, திரேஸ்புரம், தருவைகுளம் கடற்கரைக்கு இதில் கூடுதலாக ஒரு சங்கதி இருக்கிறது. சங்கு குளிக்க முங்குபவர்களுக்கு சைனஸ் என்பது வேலைக்கான கருவி மாதிரி. அது சரியில்லை என்றால் கடலில் இறங்க முடியாது. என்ன நடக்கிறது, எது சாதாரணம், எதற்குப் பயப்பட வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

இம்பிளான்ட் எப்படி எலும்போடு ஒட்டுகிறது?

இம்பிளான்ட் என்பது டைட்டானியத்தில் செய்த சின்ன ஸ்க்ரூ. தாடை எலும்பில் துளை போட்டு அதை இறக்குவார்கள். சில மாதங்களில் எலும்பு அதைச் சுற்றி வளர்ந்து கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். பிறகு மேலே கேப் மாட்டுவார்கள்.

இதைக் கண்டுபிடித்தவர் ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் பெர்-இங்வார் பிரானெமார்க். 1950களில் முயலின் எலும்பில் ரத்த ஓட்டத்தைப் பார்ப்பதற்காக டைட்டானியக் கருவி ஒன்றைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து கழற்றப் பார்த்தால் வரவில்லை, எலும்பு பிடித்துக்கொண்டது. 1965ல் முதல் முறையாக ஒரு மனிதருக்குப் பல் இம்பிளான்ட் வைத்தார்.

தூத்துக்குடிக்காரர்களுக்கு இது புரியாத விஷயமில்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் 1973ல் வேப்பலோடையில் வளர்ப்பு முத்து எடுத்தது இதே மாதிரி ஒரு வேலையால்தான். சிப்பிக்குள் சின்ன மணியை வைத்தார்கள், சிப்பி அதைத் துப்பாமல் ஏற்றுக்கொண்டு மேலே பூச்சு பூசியது. இரண்டிலும் நிபந்தனை ஒன்றுதான். வைத்த பொருள் அசையக் கூடாது, வைத்த இடத்தில் கிருமி ஏறக் கூடாது.

மேல்தாடை மட்டும் ஏன் கஷ்டம்?

மூன்று காரணங்கள்.

முதலாவது, எலும்பின் தன்மை. கீழ்த்தாடை எலும்பு பொதுவாகக் கெட்டியானது. மேல்தாடையின் பின்பகுதி மிருதுவாக, பஞ்சு போன்ற அமைப்பில் இருக்கும். ஸ்க்ரூவுக்குப் பிடிமானம் குறைவு.

இரண்டாவது, உயரம். பல் விழுந்த பிறகு அந்த இடத்து எலும்பு கீழிருந்து கரைந்துகொண்டே வரும். மேலே சைனஸ் அறையும் கீழ்நோக்கி விரியும். வருடக்கணக்கில் பல் இல்லாமல் விட்டவர்களுக்கு நடுவில் சில மில்லிமீட்டர் எலும்புதான் மிச்சம் இருக்கும். "பல்லு போய் பத்து வருஷம் ஆச்சு, இப்பதான் நேரம் கிடைச்சுது" என்று வருபவர்களுக்கு நேரடியாக இம்பிளான்ட் வைக்க முடியாமல் போவது இதனால்தான்.

மூன்றாவது, சவ்வு. சைனஸின் உள்சுவரில் ஒரு மெல்லிய சவ்வு ஒட்டியிருக்கும். ஆரோக்கியமான நிலையில் பெரும்பாலும் 1 மில்லிமீட்டர்கூட இருக்காது. முட்டையை உரித்தால் ஓட்டுக்குள் ஒட்டியிருக்கும் தோலை நினைத்துக்கொள்ளுங்கள்.

சைனஸ் லிப்ட் என்றால் என்ன?

எலும்பு உயரம் போதாதவர்களுக்கு அந்தச் சவ்வை மெதுவாக மேலே தூக்கி, கீழே உண்டாகும் இடத்தில் எலும்புத் தூளை நிரப்புவார்கள். அந்தத் தூளுக்குப் பெயர் கிராப்ட். இந்த முறையை அமெரிக்காவில் 1970களில் ஹில்ட் டேட்டம் என்ற பல் மருத்துவர் செய்து காட்டினார். 1980ல் பாய்ன், ஜேம்ஸ் இருவரும் இதைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார்கள்.

இரண்டு வழிகள் உண்டு. ஓரளவு எலும்பு மிச்சம் இருந்தால், இம்பிளான்ட் போடும் துளை வழியாகவே சவ்வைத் தூக்கிவிடுவார்கள். 4, 5 மில்லிமீட்டருக்கும் குறைவு என்றால், ஈறைத் திறந்து, பக்கவாட்டு எலும்பில் சின்ன ஜன்னல் வெட்டி, அதன் வழியாகத் தூக்குவார்கள். இரண்டாவது வழியில் கிராப்ட் எலும்பாக மாற பொதுவாக 4 முதல் 9 மாதம் ஆகும்.

"ஒரே நாளில் பல்" என்ற விளம்பரத்தைப் பார்த்துவிட்டு வருபவர்கள் இந்த மாதக் கணக்கை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

எது சாதாரணம்? எப்போது போன் போடணும்?

சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்ததும் வரும் பெரிய குழப்பம் இதுதான்.

சாதாரணமாக வரக்கூடியவை:

• கன்னம் வீங்கும். இரண்டாவது, மூன்றாவது நாளில் அதிகமாக இருக்கும், பிறகு வடியும்.
• கன்னத்தில் நீலமாக, பிறகு மஞ்சளாக நிறம் மாறலாம்.
• சைனஸ் லிப்ட் செய்த பக்கம் மூக்கில் முதல் ஓரிரு நாள் லேசாக ரத்தம் கசியலாம்.
• மாத்திரைக்கு அடங்கும் வலி, நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வரும்.

அன்றைக்கே டாக்டரிடம் சொல்ல வேண்டியவை:

• தண்ணீர் குடித்தால் மூக்கில் வருவது.
• பேசும்போதோ ஊதும்போதோ வாய்க்கும் மூக்குக்கும் நடுவில் காற்று போய்வருவது மாதிரி தெரிவது, காயத்தில் குமிழி வருவது.
• ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றமடிக்கும் சளி.
• மூன்று நாளுக்குப் பிறகு வீக்கமும் வலியும் குறையாமல் கூடுவது, காய்ச்சல்.
• மணல் மாதிரி துகள்கள் மூக்கிலிருந்து விழுவது. அது கிராப்டாக இருக்கலாம்.
• சுத்தமான துணியை வைத்து அழுத்திக் கடித்தும் நிற்காத ரத்தம்.

கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை மங்கல், மூச்சுவிடவோ விழுங்கவோ சிரமம், தாங்க முடியாத தலைவலி, குழப்பமான பேச்சு. இதில் எது வந்தாலும் கிளினிக் திறக்கும்வரை காத்திருக்கக் கூடாது. நேராக அவசர சிகிச்சைப் பிரிவு, அல்லது 108.

சிக்கல் 1: சவ்வு கிழிவது

சைனஸ் லிப்டில் அடிக்கடி நடக்கும் சிக்கல் இது. 2008ல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், பக்கவாட்டு ஜன்னல் முறையில் சராசரியாக 19.5 சதவீத சிகிச்சைகளில் சவ்வு கிழிந்திருந்தது. அதாவது ஐந்தில் ஒன்று.

கேட்கப் பயமாக இருக்கிறதா? கிழிந்தாலே தோல்வி என்று அர்த்தமில்லை. சின்னக் கிழிசல் என்றால் சவ்வைத் தூக்கும்போதே மடிந்து மூடிக்கொள்ளும். கொஞ்சம் பெரியது என்றால் கொலாஜன் படலம் வைத்து ஒட்டுப் போடுவார்கள். ரொம்பப் பெரியது என்றால் அன்றைக்கு வேலையை நிறுத்தி, தையல் போட்டு, சில மாதம் கழித்து மறுபடி முயல்வதுதான் சரியான முடிவு.

இங்கே ஒன்றைக் கவனிக்கணும். "இன்னைக்கு முடியல, ஆறு மாசம் கழிச்சுப் பார்ப்போம்" என்று ஒரு டாக்டர் சொன்னால், அவருக்கு வேலை தெரியவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். கிழிந்த சவ்வின் மேல் கிராப்டைக் கொட்டி மூடிவிட்டால், துகள்கள் சைனஸுக்குள் சிதறி சீழ் பிடிக்க வாய்ப்பு அதிகம். நிறுத்துவது பொறுப்பான வேலை.

சிக்கல் 2: வாய்க்கும் சைனஸுக்கும் நடுவில் ஓட்டை

தண்ணீர் மூக்கில் வருவதற்குக் காரணம் இதுதான். சைனஸ் அறைக்கு மூக்குக்குள் ஒரு சின்ன வாசல் இருக்கிறது. வாயிலிருந்து சைனஸுக்கு வழி உண்டாகிவிட்டால், குடிக்கும் தண்ணீர் சைனஸில் ஏறி, அந்த வாசல் வழியாக மூக்கில் இறங்கும்.

2 மில்லிமீட்டர் அளவில் உள்ள சின்ன ஓட்டை, தொற்று இல்லாவிட்டால் பெரும்பாலும் தானாகவே மூடிவிடும். அதைவிடப் பெரியது என்றால் தையல் போட வேண்டும். கன்னத்தின் உள்பக்கச் சதையை இழுத்து மூடுவது, கன்னக் கொழுப்பைக் கொண்டுவந்து அடைப்பது, மேல் அண்ணத்துச் சதையைத் திருப்பி மூடுவது என்று பல முறைகள் இருக்கின்றன.

முதல் ஓரிரு நாளுக்குள் மூடுவது சுலபம். வாரக்கணக்கில் விட்டால் அந்த வழியில் உள்தோல் படர்ந்து நிரந்தரப் பாதை ஆகிவிடும். உள்ளே சீழ் இருக்கும்போது மேலே மட்டும் தைத்தால் தையல் பிரிந்துவிடும். முதலில் சைனஸைச் சுத்தம் செய்து, பிறகுதான் மூட முடியும்.

ஓட்டை இருக்கிறதா என்று வீட்டில் சோதிக்கிறேன் என மூக்கைப் பொத்திக்கொண்டு பலமாக ஊதிப் பார்க்கவே கூடாது. சின்ன ஓட்டை அதனாலேயே பெரிதாகும்.

சிக்கல் 3: ஒரு பக்க சைனஸ் தொற்று

சாதாரண சளியில் இரண்டு பக்கமும் அடைக்கும். பல்லிலிருந்து வரும் சைனஸ் தொற்றில் பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் கனக்கும், அந்தப் பக்க மூக்கில் மட்டும் சளி, அதிலும் நாற்றம். இம்பிளான்ட் வைத்து மாதங்கள், ஏன் வருடங்கள் கழித்தும் இது வரலாம்.

பலர் இங்கேதான் வழி தவறுகிறார்கள். மெடிக்கலில் சளி மாத்திரை வாங்கிப் போடுவது, ஆவி பிடிப்பது, பொது மருத்துவரைப் பார்ப்பது என்று நாள் போகும். இம்பிளான்ட் வைத்த விஷயத்தை அவரிடம் சொல்லத் தோன்றாது. ஒரு பக்கம் மட்டும் தொடர்ந்து சளி என்றால், "மேல்தாடையில் இம்பிளான்ட் இருக்கு" என்பதை முதல் வரியாகச் சொல்லுங்கள்.

ஆன்டிபயாட்டிக், மூக்குக்கான ஸ்ப்ரே ஆகியவற்றோடு பல பேருக்குச் சரியாகும். ஆகாவிட்டால் இ.என்.டி. டாக்டர் எண்டோஸ்கோப்பி மூலம் சைனஸின் வாசலைத் திறந்து சுத்தம் செய்வார். இம்பிளான்ட்டை எடுக்க வேண்டுமா, விடலாமா என்பதை ஸ்கேனைப் பார்த்து பல் டாக்டரும் இ.என்.டி. டாக்டரும் சேர்ந்து முடிவு செய்வதே நல்லது.

சிக்கல் 4: இம்பிளான்ட் சைனஸுக்குள் நழுவுவது

அபூர்வம்தான், ஆனால் நடக்கிறது. எலும்பு மிருதுவாக, உயரம் குறைவாக இருந்து, பிடிமானம் கிடைக்காதபோது ஸ்க்ரூ மேலே போய் சைனஸில் விழுந்துவிடும். வைக்கும்போதும் நடக்கலாம், பிற்பாடும் நடக்கலாம். வலியே இல்லாமலும் இருக்கும். "வலிக்கலையே, அப்படியே விட்டுடலாம்" என்று நினைப்பது தப்பு. சைனஸில் கிடக்கும் வேற்றுப் பொருள் ஒருநாள் தொற்றைக் கொண்டுவரும். பக்கவாட்டில் திறந்தோ, மூக்கு வழியாக எண்டோஸ்கோப்பியிலோ எடுத்துவிடலாம்.

சிக்கல் 5: தலைசுற்றல்

இதைப் பலர் பல்லோடு சம்பந்தப்படுத்தவே மாட்டார்கள். துளை வழியாக சவ்வைத் தூக்கும் முறையில், சில டாக்டர்கள் சின்ன சுத்தியலால் கருவியைத் தட்டுவது உண்டு. அந்த அதிர்வில் உள்காதில் உள்ள நுண்ணிய படிகங்கள் இடம் மாறிவிடலாம். மறுநாள் படுக்கையில் புரண்டால், தலையைத் தூக்கினால், சில நொடிகள் உலகமே சுற்றும்.

பயமுறுத்துமே தவிர, ஆபத்து குறைவு. தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பிப் படிகங்களை இடத்துக்குக் கொண்டுவரும் எளிய பயிற்சி இருக்கிறது, இ.என்.டி. டாக்டர் ஐந்து, பத்து நிமிடத்தில் செய்துவிடுவார். ஆனால் இந்தத் தலைசுற்றலோடு பைக் ஓட்டக் கூடாது, படகில் ஏறக் கூடாது.

கடலும் சைனஸும்: முங்குபவர்களுக்கு என்ன பிரச்சினை?

தூத்துக்குடியில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961ல். அதோடு முத்து போனாலும் முங்குவது நிற்கவில்லை. மன்னார் வளைகுடாவில் சங்கு எடுக்க இன்றும் ஆட்கள் இறங்குகிறார்கள். மூச்சடக்கி முங்கியவர்கள் இருந்த தொழிலில், படகில் உள்ள கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியாக வரும் காற்றைச் சுவாசித்தபடி அடியில் நடப்பவர்கள் வந்துவிட்டார்கள்.

தண்ணீருக்கு மேலே நம் உடல் மீது ஒரு பங்கு காற்றழுத்தம் இருக்கிறது. 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரண்டு மடங்கு. 20 மீட்டரில் மூன்று மடங்கு. அழுத்தம் இரண்டு மடங்கானால், அடைபட்ட அறையில் இருக்கும் காற்று பாதியாகச் சுருங்கும். மேலே வரும்போது மறுபடி விரியும். சைனஸின் வாசல் திறந்திருந்தால் காற்று போய்வந்து சமன் ஆகிவிடும். சிகிச்சைக்குப் பிறகு வீக்கத்தால் வாசல் அடைத்திருந்தால்? உள்ளே இழுப்பு உண்டாகி ஆறாத சவ்விலிருந்து ரத்தம் கசியும். ஒட்டுப் போட்ட இடம் பிரியலாம். கிராப்ட் நகரலாம்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. கீழே இறங்கும்போது காதடைப்பு எடுக்க எல்லா முங்குபவர்களும் செய்வது, மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே ஊதுவது. சைனஸ் லிப்ட் செய்த பல் டாக்டர்கள் "செய்யவே கூடாது" என்று சொல்லும் முதல் விஷயமும் அதுதான். மூக்கைச் சிந்தாதே என்று சொல்வதும் அதே காரணத்துக்காக. ஒரு முங்குபவர் ஒரு நாளில் அதைப் பல தடவை செய்கிறார்.

"ஆழமா போகல, கொஞ்சம்தான் இறங்குனேன்" என்பதும் பாதுகாப்பு இல்லை. முதல் 10 மீட்டரில்தான் காற்றின் அளவு அதிகமாக மாறுகிறது. 10லிருந்து 20க்குப் போகும்போது மாறுவது அதைவிடக் குறைவு.

அப்படியென்றால் எத்தனை நாள் இறங்கக் கூடாது? சாதாரண இம்பிளான்ட் என்றாலே காயம் முழுதாக ஆற வேண்டும், அதற்கு வாரங்கள் ஆகும். சைனஸ் லிப்ட் செய்திருந்தால் கணக்கு மாதங்களில்தான். கிராப்ட் கெட்டியாகிவிட்டது, சைனஸில் காற்று தடையில்லாமல் போய்வருகிறது என்று ஸ்கேனில் பார்த்து டாக்டர் சொன்ன பிறகே இறங்க வேண்டும்.

அன்றாடம் கடலுக்குப் போனால்தான் காசு என்ற குடும்பத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை. இம்பிளான்ட் செலவு ஒரு பக்கம், வருமானம் இல்லாத மாதங்கள் இன்னொரு பக்கம். அதனால்தான் "என்ன வேலை பார்க்கிறேன்" என்பதை முதல் நாளே சொல்ல வேண்டும். சொன்னால் டாக்டருக்கு வேறு வழிகள் இருக்கின்றன. காற்றுக் காலத்தில் கடலுக்குப் போகாத மாதங்களைப் பார்த்துச் சிகிச்சையைத் தொடங்கலாம். எலும்பு இடம் கொடுத்தால் நீளம் குறைந்த இம்பிளான்ட் வைத்து, சைனஸைத் தொடாமலே முடிக்கலாம். பக்கத்துப் பற்களைப் பிடித்து பிரிட்ஜ் கட்டலாம். கழற்றி மாட்டும் பல் செட் போட்டுக்கொண்டு, முங்கும்போது கழற்றி வைக்கலாம். இம்பிளான்ட் மட்டுமே தீர்வு என்று எந்தச் சட்டமும் இல்லை.

விமானத்தில் போகிறவர்களுக்கும் இதே கதை, அளவுதான் குறைவு. பறக்கும்போது கேபின் அழுத்தம் தரையைவிடக் குறையும். சைனஸ் லிப்ட் செய்தவர்களை இரண்டு வாரமாவது விமானப் பயணம் வேண்டாம் என்று பல டாக்டர்கள் சொல்வார்கள். சென்னைக்கு அவசரம் என்றால் முத்துநகர் எக்ஸ்பிரஸ் இருக்கவே இருக்கிறது.

வீட்டில் என்ன செய்யணும், என்ன கூடாது?

மேல்தாடையின் பின்பகுதியில் வேலை நடந்திருந்தால், டாக்டர் சொல்லும் நாள்வரை (பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரம்) இவற்றைப் பின்பற்ற வேண்டும்:

• மூக்கைச் சிந்தக் கூடாது. வடிந்தால் துடைத்துக்கொள்ளலாம்.
• தும்மல் வந்தா? அடக்கக் கூடாது. வாயைத் திறந்து தும்முங்கள். அடக்கினால் அழுத்தம் மொத்தமும் சைனஸுக்குப் போகும்.
• ஸ்ட்ரா போட்டு உறிஞ்ச வேண்டாம். இளநீரையும் டம்ளரில் ஊற்றிக் குடிக்கவும்.
• பலூன் ஊதுவது, சங்கு, நாதஸ்வரம் ஊதுவது வேண்டாம்.
• கனமான மூட்டை தூக்குவது, ஜிம், நீச்சல் வேண்டாம். உப்பளத்திலும் துறைமுகத்திலும் சுமை தூக்குபவர்கள் லீவு நாட்களை முன்கூட்டியே திட்டமிட வேண்டும்.
• முதல் சில இரவுகள் தலையை உயர்த்திப் படுங்கள்.
• பீடி, சிகரெட், பான், குட்கா எதுவும் கூடாது. புகை காயத்துக்கான ரத்த ஓட்டத்தைக் குறைக்கும், உறிஞ்சும்போது உண்டாகும் இழுப்பு தையலைப் பிரிக்கும்.
• எழுதிக் கொடுத்த ஆன்டிபயாட்டிக்கை முழுதாக முடிக்கவும். வலி போனதும் நிறுத்துவது தப்பு.

சர்க்கரை இருந்தால் வைக்கலாமா?

வைக்கலாம், கட்டுப்பாட்டில் இருந்தால். ஐ.சி.எம்.ஆர். ஆதரவுடன் நடந்து 2023ல் வெளியான இந்தியா முழுமைக்குமான ஆய்வு, நாட்டில் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் காயம் ஆறுவது தாமதமாகும், தொற்று சீக்கிரம் பரவும். மேல்தாடையிலும் சைனஸிலும் தொற்று என்ன செய்யும் என்பதை 2021 கொரோனா அலையில் வந்த கறுப்புப் பூஞ்சை காட்டிவிட்டுப் போனது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாத பலர் அதில் மேல்தாடையையே இழந்தார்கள். இம்பிளான்ட்டால் அது வரும் என்பதில்லை. ஆனால் சர்க்கரை அதிகமாக உள்ளவர்களுக்கு முகத்தில் வரும் எந்தத் தொற்றையும் லேசாக எடுக்கக் கூடாது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையை முன்னாடியே எடுத்துவிடுங்கள்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுபவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது, இதய டாக்டரைக் கேட்ட பிறகே முடிவு. எலும்புத் தேய்மானத்துக்கோ புற்றுநோய்க்கோ ஊசி, மாத்திரை எடுப்பவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சில மருந்துகள் தாடை எலும்பு ஆறுவதையே தடுக்கும்.

வாணியம்பாடி சொல்லும் பாடம்

சிக்கல் எல்லாமே நோயாளியின் உடம்பிலிருந்து வருவதில்லை. திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக்கில் சிகிச்சை பெற்ற 8 பேர் 2023ல் மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் என்ற தொற்றில் இறந்தார்கள். இம்பிளான்ட் சிகிச்சை அல்ல, பல்வேறு பல் சிகிச்சைகள். 2025ல் லான்செட் குழும இதழ் ஒன்றில் வெளியான ஆய்வு, திறந்த சலைன் பாட்டிலைச் சரியாக மூடாமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதைக் காரணமாகச் சுட்டியது.

இம்பிளான்ட்டுக்கு இது ஏன் முக்கியம்? எலும்பில் துளை போடும்போது சூடு ஏறும். எலும்பு 47 டிகிரி செல்சியஸைத் தாண்டி ஒரு நிமிடம் இருந்தாலே செல்கள் சாகத் தொடங்கும், அப்புறம் இம்பிளான்ட் ஒட்டாது. அதனால் துளை போடும் நேரம் முழுக்க சலைன் பாய்ச்சிக் குளிர்விப்பார்கள். அந்தத் திரவம் நேராக எலும்புக்குள் போகிறது. "புது பாட்டில்தானா டாக்டர்? கருவியெல்லாம் ஆட்டோகிளேவ் பண்ணியதா?" என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார்.

நாற்காலியில் உட்காரும் முன் கேட்க வேண்டியவை

• சிபிசிடி ஸ்கேன் எடுத்தாச்சா? எலும்பு எத்தனை மில்லிமீட்டர் இருக்கு? சைனஸில் ஏற்கெனவே சளி, கட்டி ஏதாவது தெரியுதா?
• சைனஸ் லிப்ட் தேவையா? அதைத் தவிர்க்க வேறு வழி இருக்கா?
• சவ்வு கிழிந்தால் என்ன செய்வீங்க? மறுபடி செய்ய வேண்டி வந்தால் செலவு யாருடையது?
• சிக்கல் வந்தால் ராத்திரியில் யாருக்குப் போன் பண்ணணும்? எந்த இ.என்.டி. டாக்டரிடம் அனுப்புவீங்க?
• வெளியூரிலிருந்து வந்து வேலை செய்யும் சிறப்பு மருத்துவர் என்றால், மறுநாள் யார் பார்ப்பாங்க?

கடைசிக் கேள்வி சின்ன ஊர்களில் ரொம்ப முக்கியம். சனிக்கிழமை வந்து இம்பிளான்ட் வைத்துவிட்டுப் போகும் டாக்டர், செவ்வாய்க்கிழமை தண்ணீர் மூக்கில் வரும்போது ஊரில் இருக்க மாட்டார். பொறுப்பு யாருக்கு என்பது முன்னாடியே தெரிந்திருக்க வேண்டும். கிளினிக்கைப் பிடிக்க முடியாவிட்டால், இ.என்.டி. பிரிவு உள்ள தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நேராகப் போகலாம்.

தப்பு நடந்ததாகத் தோன்றினால்?

சிக்கல் வந்தாலே அலட்சியம் என்று ஆகிவிடாது. கவனமாகச் செய்தாலும் சவ்வு கிழியலாம், இம்பிளான்ட் ஒட்டாமல் போகலாம். ஆனால் ஸ்கேன் பார்க்காமல் செய்வது, ஆபத்தைச் சொல்லாமல் கையெழுத்து வாங்குவது, சிக்கல் வந்த பிறகு மறைப்பது, வேறு டாக்டரிடம் அனுப்பாமல் இழுத்தடிப்பது ஆகியவை வேறு.

காசு கொடுத்துப் பெறும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995ல் வி.பி.சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019ன்படி, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். மருத்துவரின் நடத்தை பற்றிய புகார் என்றால் தமிழ்நாடு பல் மருத்துவ கவுன்சிலை அணுகலாம்.

இரண்டுக்குமே காகிதம் வேண்டும். ஸ்கேன், பில், மருந்துச் சீட்டு, கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவம், இம்பிளான்ட் பாக்கெட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர். அந்த ஸ்டிக்கரில் கம்பெனி, அளவு, பேட்ச் எண் இருக்கும். எல்லாவற்றையும் போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் போதும். வழக்குக்கு மட்டுமில்லை, ஐந்து வருடம் கழித்து வேறு ஊரில் ஸ்க்ரூ தளர்ந்தால், அதற்குப் பொருந்தும் பாகத்தைத் தேடும் டாக்டருக்கும் முதலில் தேவைப்படுவது அந்த ஸ்டிக்கர்தான்.